ரயிலில் படித்த மூன்று

அசோகமித்திரனின் ‘தண்ணீர்’ நாவலைச் சென்னைக்காரர்கள்தான் முதலில் படிக்க வேண்டும். 2019 கோடையில் மெட்ரோ வாட்டர் லாரிக்குக் குடத்தோடு நின்றவர்களுக்கு அதில் வரும் ஜமுனாவும் சாயாவும் பக்கத்து வீட்டுக்காரர்கள் மாதிரி. குழாயில் சாக்கடை கலந்து வருவதைக்கூடக் குரல் உயர்த்தாமல் சொல்கிறார். அந்த நிதானம்தான் குமட்டுகிறது. கண்ணீர் பிழிய எத்தனையோ இடம் இருந்தும் பிழியவில்லை, மனுஷன் கெட்டிக்காரர்.

உ.வே.சா.வின் ‘என் சரித்திரம்’ தடித்த புத்தகம், பறக்கும் ரயில் கூட்டத்தில் ஒரு கையால் பிடிக்க முடியாது. ஆனாலும் விடவில்லை. 1880இல் கும்பகோணத்தில் முன்சீபாக இருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார். படித்த அந்தாதி, பிள்ளைத்தமிழ் எல்லாவற்றையும் அடுக்குகிறார். முதலியார் அசையவே இல்லை. சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்கிறார். இண்டர்வியூவில் அசடு வழிந்த எல்லோரும் படிக்க வேண்டிய அத்தியாயம். அந்தச் சிந்தாமணியையே உ.வே.சா. 1887இல் அச்சில் கொண்டுவந்தார். நடுவே பாட்டும் விருத்தமும் நிறைய வரும். சிலதைத் தாண்டிவிட்டேன், தமிழ்த்தாத்தா மன்னிப்பார்.

பூமணியின் ‘வெக்கை’ சின்னது. ‘அசுரன்’ பார்த்துவிட்டோமே என்று ஒதுக்காதீர்கள். படத்தில் சண்டை நிறைய. நாவலில் அப்பனும் மகனும் காட்டில் ஒளிந்து, கிடைத்ததைச் சமைத்துத் தின்றபடி பேசிக்கொண்டே போகிறார்கள். எனக்கு அந்தச் சமையல்தான் பிடித்தது.