மலை ரயில் என்றால் எந்த நிலையத்திலிருந்து? நீலகிரிச் சுற்றுலாத் தொகுப்பு ஒன்றின் மதிப்பீடு

கடந்த மார்ச் மாதப் பள்ளி விடுமுறையில், சிங்கப்பூரின் சிராங்கூன் சாலையிலுள்ள பயண முகவர் ஒருவர் வழியாக நான்கு இரவு, ஐந்து பகல் கொண்ட நீலகிரிச் சுற்றுலாவுக்குச் சென்று வந்தோம். நான், என் கணவர், தொடக்கநிலை ஐந்தில் படிக்கும் எங்கள் மகன், எழுபது வயதை நெருங்கும் என் அம்மா என நால்வர். விமானக் கட்டணமும் விசாக் கட்டணமும் நீங்கலாக ஆளுக்கு 540 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). தங்குமிடம், காலை உணவு, ஓட்டுநருடன் வாகனம், நுழைவுச்சீட்டுகள், மலை ரயில் பயணம் ஆகிய அனைத்தும் அதில் அடக்கம் என்றார்கள். இந்தத் தொகுப்பை வாங்கலாமா என்று உறவினர்களும் அம்மாவின் தோழிகளும் தொடர்ந்து கேட்டுக்கொண்டிருப்பதால் எழுதுகிறேன். வாங்கலாம், ஆனால் இரண்டு மாற்றங்களைக் கேட்டுப் பெற்ற பிறகே பணம் கட்ட வேண்டும். முகவரின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. நான் ஒப்பிட்டுப் பார்த்த வேறு மூன்று பயணத் திட்டங்களிலும் இதே குறைகள் இருந்தன.

முதல் மாற்றம் ரயில் பற்றியது. முகவர் கொடுத்த வண்ணத்தாளில் "பாரம்பரிய மலை ரயில்" என்று பெரிய எழுத்தில் அச்சிட்டு, காட்டின் நடுவே புகை விட்டுச் செல்லும் நீராவி எஞ்சினின் படத்தைப் போட்டிருந்தார்கள். நாள்வாரி அட்டவணையைப் பொறுமையாகப் படித்தபோதுதான், அந்தப் பயணம் உதகமண்டலத்திலிருந்து குன்னூர் வரை மட்டுமே என்பது தெரிந்தது. நீலகிரி மலை ரயில் பாதை மேட்டுப்பாளையத்தில் தொடங்கி உதகமண்டலத்தில் முடிகிறது. மொத்த நீளம் சுமார் 46 கிலோமீட்டர். குன்னூருக்கு மேலே உள்ள பகுதியில் டீசல் எஞ்சின்தான் ஓடுகிறது. செங்குத்தான ஏற்றத்தில் எஞ்சின் பிடித்து ஏறுவதற்கான பல்சக்கரத் தண்டவாளமும் அங்கே இல்லை. படத்தில் காட்டிய நீராவி எஞ்சினும், செங்குத்தான ஏற்றமும், அடர்ந்த காடும் மேட்டுப்பாளையத்துக்கும் குன்னூருக்கும் இடையில் இருக்கின்றன. எந்தக் காட்சியைக் காட்டித் தொகுப்பை விற்கிறார்களோ, அந்தக் காட்சியின் பக்கமே நம்மை அழைத்துச் செல்வதில்லை என்பதை என்னால் எளிதில் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

முகவரிடம் கேட்டபோது, "அக்கா, எல்லாரையும் இந்த வழியிலதான் அனுப்புறோம், இதுவரைக்கும் யாரும் குறை சொன்னதில்ல" என்றார். அவர் ஏமாற்ற நினைத்தார் என்று நான் கருதவில்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து வழக்கமாக நாளுக்கு ஒரே ஒரு ரயில்தான் மேலே செல்கிறது. அதில் இடம் கிடைப்பது அரிது. முன்பதிவு 60 நாள்களுக்கு முன்னரே தொடங்குவதால், பயணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது முகவரிடம் செல்பவருக்கு அவரால் அதைத் தர முடியாது. நாங்கள் ஜனவரித் தொடக்கத்திலேயே கேட்டுவிட்டதால், முன்பதிவு திறந்த நாளில் நான்கு இருக்கைகளைப் பெற்றுத் தந்தார். இதற்காக மொத்தமாக 40 வெள்ளி கூடுதலாகக் கொடுத்தோம். இந்தச் சுற்றுலாவில் நான் செலவழித்த தொகைகளில் மிகவும் மனநிறைவு தந்தது அதுவே.

சாங்கியிலிருந்து கோயம்புத்தூருக்கு நேரடி விமானம் நான்கு மணி நேரத்துக்குச் சற்று மேல். அன்றிரவு கோயம்புத்தூரில் தங்கி, விடியலுக்கு முன்பே கிளம்பி மேட்டுப்பாளையம் நிலையத்தை அடைந்தோம். ரயில் காலை 7.10க்குப் புறப்படுகிறது. மேட்டுப்பாளையம் நிலையம் கடல் மட்டத்திலிருந்து 326 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சிங்கப்பூரின் மிக உயர்ந்த இடமான புக்கிட் தீமா குன்று 164 மீட்டர்தான் என்பதால், ஏறத் தொடங்கும் இடமே நம் குன்றைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு உயரம் என்று மகன் கணக்குப் போட்டுச் சொன்னான். போய்ச் சேரும் உதகமண்டலம் 2,203 மீட்டர். இந்த ஏற்றத்தை ரயில் ஏறக்குறைய ஐந்து மணி நேரம் எடுத்துக்கொண்டு கடக்கிறது.

கல்லாறு நிலையம் வரை பாக்குத் தோப்புகளினூடே சமவெளியில் ஓடும் ரயில், அதைத் தாண்டியதும் சட்டென்று வேறொன்றாக மாறுகிறது. இரு தண்டவாளங்களுக்கும் நடுவே பற்கள் வெட்டப்பட்ட இரண்டு இரும்புச் சட்டங்கள் அருகருகே பதிக்கப்பட்டிருக்கின்றன. ஒன்றின் பல்லுக்கு நேரே மற்றொன்றின் இடைவெளி வரும்படி அவற்றை அமைத்திருப்பதால், எஞ்சினின் பல்சக்கரம் எந்த நொடியிலும் பிடிப்பை விடுவதில்லை. எஞ்சினில் நான்கு உருளைகள் (சிலிண்டர்கள்); இரண்டு வழக்கமான சக்கரங்களை இயக்க, மற்ற இரண்டு பல்சக்கரங்களை இயக்குகின்றன. பன்னிரண்டு மீட்டர் முன்னேறுவதற்குள் ஒரு மீட்டர் மேலே ஏறும் அளவுக்குச் செங்குத்தான பாதை அது. எஞ்சின் முன்னால் நின்று இழுப்பதில்லை. பின்னால் நின்று பெட்டிகளை மேல்நோக்கித் தள்ளுகிறது. ஒவ்வொரு பெட்டியின் முன்புறத்திலும் ஒருவர் நின்றுகொண்டு கொடி காட்டுவதும் தடையை (பிரேக்கை) கையால் இயக்குவதுமாக இருக்கிறார். குன்னூர் வரையிலான பாதை 1899இல் திறக்கப்பட்டது, உதகமண்டலம் வரை 1908இல் நீட்டிக்கப்பட்டது, 2005இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது என்பதையெல்லாம் முன்பே படித்திருந்தேன். ஆனால் பாலத்தின் மீது ரயில் நடை வேகத்தில் ஊர்ந்தபோது, காலடியில் தெரிந்த பாறைகளைப் பார்த்து அம்மா என் கையை இறுகப் பிடித்துக்கொண்டதும், அடுத்த வளைவில் அவரே எழுந்து சன்னலோரம் சென்று நின்றதும் எந்தப் புத்தகத்திலும் படித்துத் தெரிந்துகொள்ளக்கூடியவை அல்ல.

ஹில்குரோவ் நிலையத்தில் எஞ்சின் தண்ணீர் பிடிப்பதற்காக நின்றது. எல்லோரும் இறங்கிச் சூடான தேநீரும் வடையும் வாங்கினோம். குரங்குகள் மிகுதி, கையில் உணவுப் பொட்டலத்தோடு நடைமேடையில் நிற்காதீர்கள். சாலை வழியாகச் சென்றால் மேட்டுப்பாளையத்துக்கும் குன்னூருக்கும் இடையே 14 கொண்டை ஊசி வளைவுகள். வாகனத்தில் சிறிது தூரம் சென்றாலே தலைசுற்றும் அம்மாவுக்கு, ரயிலில் வந்த ஐந்து மணி நேரத்தில் மாத்திரையே தேவைப்படவில்லை. முதியோருடன் செல்பவர்கள் இந்த ஒரு காரணத்துக்காகவே ரயிலைக் கேட்டு வாங்கலாம். ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும்: இருக்கைகள் நெருக்கமானவை, ஓடும் ரயிலில் கழிப்பறை கிடையாது. நிற்கும் நிலையங்களிலேயே அந்தத் தேவையை முடித்துக்கொள்ள வேண்டும்.

குன்னூருக்குப் பிறகு வெலிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல் என்று சிறிய நிலையங்களைக் கடந்து, நண்பகலில் உதகமண்டலம் வந்து சேர்ந்தோம். கேத்திப் பள்ளத்தாக்கில் படிப்படியாக அமைந்த காய்கறித் தோட்டங்கள் அழகானவை. முந்தைய மூன்று மணி நேரக் காட்சிகளைப் பார்த்துவிட்டு வந்ததால், இந்தப் பகுதியில் மகன் தூங்கிவிட்டான்.

இரண்டாவது மாற்றம் தங்குமிடம் பற்றியது. இதை நாங்கள் கேட்கத் தவறினோம். மூன்று இரவும் உதகமண்டல நகர மையத்தில் அறை போட்டிருந்தார்கள். பேருந்து நிலையத்தின் இரைச்சல் இரவு பதினொரு மணி வரை ஓயவில்லை. மார்ச் மாதத்தில்கூட இரவில் வெப்பநிலை பத்துப் பன்னிரண்டு டிகிரிக்கு இறங்கிவிடும் ஊரில், அறையில் வெப்பமூட்டி இல்லை. வெந்நீர் காலை ஏழிலிருந்து ஒன்பது வரை மட்டுமே வந்தது. ஆண்டு முழுவதும் முப்பது டிகிரியில் வாழ்ந்து பழகிய நமக்கு இது சிறிய குறையன்று. அம்மா முதல் இரவு முழுவதும் சரியாக உறங்கவில்லை. முகவரின் உள்ளூர்ப் பொறுப்பாளரை அழைத்துச் சொன்னதும், அடுத்த நாள் மாலை மின்வெப்பமூட்டி ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார்கள். அதற்குக் கட்டணம் கேட்கவில்லை என்பதையும் பதிவு செய்ய வேண்டும். ஆயினும் மீண்டும் சென்றால் குன்னூரில்தான் தங்குவேன். சற்றுத் தாழ்வான ஊர் என்பதால் குளிர் மிதமானது. தேயிலைத் தோட்டங்கள் கண்ணெதிரே தொடங்குகின்றன. 1874இல் அமைக்கப்பட்ட சிம்ஸ் பூங்காவில் அம்மா ஒரு மணி நேரம் நிம்மதியாக அமர்ந்திருந்தார்.

அட்டவணையின் இரண்டாம், மூன்றாம் நாள்களில் மொத்தம் 14 இடங்கள் இருந்தன. அவற்றுள் நான்கு, சாக்லேட்டும் தைலமும் விற்கும் கடைகள். படகு இல்லத்தில் வரிசையில் நின்ற நேரம் படகில் சென்ற நேரத்தைவிட அதிகம். அடுத்த இடம், அடுத்த இடம் என்று விரட்டப்பட்ட முதல் நாள் மாலையில், மீதியை நாங்களே தேர்ந்துகொள்கிறோம் என்று ஓட்டுநரிடம் சொன்னோம். "அதுதாங்க்கா சரி. அம்மாவுக்கும் சிரமமா இருக்காதுங்க, நின்னு நிதானமா பாக்கலாம்" என்றார் அவர். தொட்டபெட்டா சிகரத்தையும் (2,637 மீட்டர்), 1848இல் தொடங்கப்பட்ட அரசு தாவரவியல் பூங்காவையும் வைத்துக்கொண்டு, மற்றவற்றில் பெரும்பாலானவற்றை விட்டுவிட்டோம். கடைகளைத் தவிர்த்ததற்காக அவர் முகம் சுளிக்கவே இல்லை. இந்தத் தொகுப்பின் மிகச் சிறந்த பகுதி ரயில் என்றால், அதற்கு அடுத்தது அந்த ஓட்டுநர்தான்.

அவர் கோத்தகிரிக்காரர். அவருடைய தாத்தா இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். 1964ஆம் ஆண்டு சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி குடும்பத்தோடு இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர். அப்படித் திரும்பியவர்களுக்கு வேலை தருவதற்காக அரசு உருவாக்கிய தோட்டங்களில்தான், இன்று டான்டீ என்று அழைக்கப்படும் நிறுவனத்தில், அவருடைய அம்மா கொழுந்து பறித்தாராம். பார்த்தறியாத ஊரைத் "தாயகம்" என்று சொல்லி அனுப்பி வைத்தால் எப்படி இருந்திருக்கும் என்று என் அம்மா கேட்டார். என் தாத்தாவும் பால்மரம் வெட்ட மலாயாவுக்கு வந்தவர் என்பதால், அந்த உரையாடல் கோத்தகிரி போய்ச் சேரும் வரை நீண்டது. எந்த அட்டவணையிலும் இல்லாத அந்த ஒரு மணி நேரத்தில், சன்னலுக்கு வெளியே தெரிந்த பச்சைச் சரிவுகளை நான் வேறு விதமாகப் பார்க்கத் தொடங்கினேன்.

கோத்தகிரிக்கு அருகே கன்னேரிமுக்கில் ஜான் சல்லிவனின் நினைவகம் உள்ளது. கோயம்புத்தூர் ஆட்சியராக இருந்த அவர் நீலகிரி மலைமேல் ஏறிய ஆண்டு 1819. சிங்கப்பூரில் ராஃபிள்ஸ் வந்திறங்கிய ஆண்டும் அதுவே என்பது என் மகனுக்கு உடனே பிடிபட்டது. சல்லிவனுக்கு முன்பே அந்த மலையில் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், படகர் வாழ்ந்து வந்தார்கள் என்பதையும் அங்கேயே அவனுக்குச் சொன்னேன். பயண முகவர்கள் இந்த இடத்தைத் திட்டத்தில் சேர்ப்பதில்லை. நீங்கள் கேட்டால் ஓட்டுநர் அழைத்துச் செல்வார்.

தேயிலைத் தொழிற்சாலை ஒன்றையும் பார்த்தோம். கொழுந்தை வாட்டி, உருட்டி, நிறம் மாற விட்டு, உலர்த்தித் தரம் பிரிக்கும் வரிசையைக் கண்ணெதிரே காட்டினார்கள். நாம் பாலூற்றி ஆற்றும் தே தாரிக்குக்கு உகந்தது உருண்டையான சிடிசி தூள்தான் என்றும், நீண்ட இலையாகச் சுருளும் ஆர்த்தோடாக்ஸ் வகையைப் பாலில்லாமல் அருந்த வேண்டும் என்றும் அங்கிருந்த ஊழியர் விளக்கினார். அதில் தோய்த்து உண்ண 2023இல் புவிசார் குறியீடு பெற்ற ஊட்டி வர்க்கி என்ற மொறுமொறுப்பான தின்பண்டத்தை வாங்கிக்கொள்ளுங்கள். அம்மா நீலகிரித் தைலம் மூன்று குப்பிகள் வாங்கினார். வீட்டில் இப்போது கோடாலித் தைலத்துக்குப் பக்கத்தில் அது இருக்கிறது.

செல்லும் மாதத்தைப் பற்றியும் முகவர் சொல்லாத ஒன்று உண்டு. நம்முடைய நீண்ட பள்ளி விடுமுறையான நவம்பர், டிசம்பர் மாதங்கள் அங்கே வடகிழக்குப் பருவமழைக் காலம். மண் சரிந்து பாறைகள் தண்டவாளத்தில் விழுவதால் கல்லாறு–குன்னூர் பகுதியில் ரயில் அடிக்கடி நிறுத்தப்படுகிறது. ரயிலுக்காகவே செல்பவர்கள் அந்த மாதங்களைத் தவிர்ப்பது நல்லது. ஏப்ரல், மே மாதங்களில் தமிழ்நாட்டின் பாதி மலைமேல் இருப்பதுபோல் கூட்டம். மார்ச் மாத ஒரு வார விடுமுறை எங்களுக்கு மிகப் பொருத்தமாக அமைந்தது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே மாதத்திலிருந்து நீலகிரிக்குள் நுழையும் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயம். 2025ஆம் ஆண்டுக் கோடையில் வார நாள்களில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்று வரம்பும் விதித்தார்கள். எங்கள் வாகனத்துக்கான இ-பாஸை முகவரே முன்கூட்டி எடுத்திருந்தார். ஒருமுறை பயன்படுத்தும் நெகிழிப் பொருள்களுக்கு மாவட்டம் முழுவதும் தடை இருக்கிறது. தண்ணீருக்கு எஃகுக் குடுவை எடுத்துச் செல்லுங்கள். இந்திய மின்விசாவுடன் கோயம்புத்தூர் விமான நிலையத்தில் இறங்க முடியும் என்பதால் சென்னை சுற்றிச் செல்ல வேண்டியதில்லை.

திரும்பும் நாளில் கோத்தகிரிச் சாலை வழியாக இறங்கினோம். எங்கள் விமானம் இரவில்தான் என்பதால், முகவரின் அட்டவணை மாலை நான்கு மணிக்கு உதகமண்டலத்தை விட்டுப் புறப்படச் சொன்னது. ஓட்டுநரின் பேச்சைக் கேட்டு ஒரு மணிக்கே கிளம்பினோம். வழியில் இரண்டு இடங்களில் சாலைப் பணி நடந்துகொண்டிருந்தது. விமான நிலையத்தை அடைந்தபோது பயணப் பதிவு தொடங்கி இருபது நிமிடம் ஆகியிருந்தது.