பங்குனியில் பான்சி நாற்று வாங்காதீர்கள்

மதுரைக்கு வெளியே உள்ள ஒரு நர்சரியில் இந்த மார்ச்சிலும் பான்சிப் பூ நாற்றுகள் விற்பனைக்கு அடுக்கப்பட்டிருப்பதைப் பார்த்ததால், சென்ற ஆண்டு இதே மாதம் அங்கே எனக்கு நேர்ந்ததை எழுதுகிறேன்.

புது வீட்டின் முன்புறம் இரண்டு பாத்திகள் அமைத்திருந்தோம். நாள் முழுவதும் வெயில் விழும் இடம் என்பதையும், கத்திரி வெயிலைத் தாங்கும் பூச்செடிகளே வேண்டும் என்பதையும் முதலிலேயே சொன்னேன். "ஊட்டி மலர்க் கண்காட்சியில மே மாசம் வைக்கிறதே இதுதான் சார், ஒண்ணும் ஆகாது" என்று சொல்லி, பான்சியும் பெட்டூனியாவுமாக 60 செடிகளை, செடி 40 ரூபாய் வீதம், 2,400 ரூபாய்க்குக் கொடுத்தார் நர்சரிக்காரர்.

ஊட்டியில் மே மாதம் பான்சி பூப்பது உண்மைதான். ஆனால் ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல் உள்ள மலையூர். மதுரையிலோ அந்த மாதத்தில் வெப்பம் 40 டிகிரியைத் தொடும். குளிர்காலப் பூவான பான்சி, இரவிலும் வெக்கை தணியாத ஊரில் மொட்டு விடுவதை நிறுத்தி, தண்டு நீண்டு தளர்ந்து சாய்ந்துவிடும். எங்கள் பான்சிச் செடிகள் மூன்று வாரத்தில் கருகின. பெட்டூனியா சித்திரைப் பிறப்பு வரை தாக்குப்பிடித்தது. கேட்கப் போனபோது, நான் தண்ணீர் ஊற்றிய முறையில்தான் தவறு என்றார். காலையும் மாலையும் என் அம்மா குடம் சுமந்து ஊற்றிய செடிகள் அவை. அந்தப் பேச்சு பணம் போனதைவிட அதிகமாக வலித்தது.

ஆகவே, வெயில் தாங்குமா என்று கேட்காமல், எந்த மாதத்தில் விதைத்த நாற்று, இங்கே எந்த மாதம் வரை பூக்கும் என்று கேளுங்கள். நிழல்வலைக்குள் பூத்து நிற்பதைப் பார்த்து மயங்காமல், திறந்த வெயிலில் சில நாட்களாவது வைத்திருந்த செடிகளையே வாங்குங்கள். பான்சி, பெட்டூனியா, ஃப்ளாக்ஸ் போன்றவற்றைச் சமவெளியில் அக்டோபர் வாக்கில் விதைத்தால்தான் குளிர்ந்த மாதங்களில் பூப்பார்த்து மகிழ முடியும்.

கோடைப் பாத்திக்கு வாடாமல்லி, கோழிக்கொண்டை, டேபிள் ரோஸ், நித்தியகல்யாணி ஆகியவை போதும். நித்தியகல்யாணிக்கு மட்டும் வேரில் தண்ணீர் தேங்கக் கூடாது, தேங்கினால் தண்டு அழுகிவிடும். கருகிய செடிகளைப் பிடுங்கிவிட்டு அம்மா தூவிய வாடாமல்லி விதைகள், அந்தப் பாத்திகளிலேயே ஆடியில் பூத்தன.