மாங்காயா, மந்திரமா: முரளியும் வார்னும்

மஞ்சக்குப்பத்தில் டென்னிஸ் பந்து ஆட்டம் நடக்கும்போது ஒருவன் முழங்கையை மடக்கிப் போட்டால் எல்லைக்கோட்டிலிருந்து வரும் முதல் குரல் ‘மாங்கா!’ பந்தை வீசவில்லை, எறிகிறான் என்று கேலி. அடுத்தது, ‘பெரிய முரளின்னு நெனப்பு.’ லெக் ஸ்பின் போடுகிறவனுக்கு இந்த ஏச்சு கிடையாது. இரண்டு பந்து திரும்பினாலே அவன் வார்ன்.

கணக்கைப் பார்த்துவிடுவோம். இலங்கையின் முரளிதரன் 133 டெஸ்டில் 800 விக்கெட், ஆஸ்திரேலியாவின் வார்ன் 145-ல் 708. ‘ஜிம்பாப்வே, பங்களாதேஷைப் போட்டுச் சேர்த்ததுப்பா’ என்பார்கள். அதில் நியாயம் உண்டு. அந்த இரண்டு அணிகளிடம் முரளி எடுத்தது 176, வார்ன் வெறும் 17. அதைக் கழித்தாலும் முரளிக்கு 108 டெஸ்டில் 624, வார்னுக்கு 142-ல் 691. டெஸ்டுக்கு எத்தனை என்று வகுத்தால் முரளிதான் முன்னால். இந்திய மண்ணில் இருவருமே வாங்கிக் கட்டிக்கொண்டார்கள்.

ஆனால் பெயர் கணக்கால் வருவதில்லை. வார்ன் ஓடி வரமாட்டார், நடந்து வருவார். அதற்கு முன் பந்தை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குத் தட்டுவார், ஃபீல்டரை நகர்த்துவார். அந்த அரை நிமிடத்தில் பேட்ஸ்மேன் இல்லாத பந்துக்கெல்லாம் பயந்துவிடுவான். தொடருக்குத் தொடர் ‘புதுசா ஒரு பந்து வச்சிருக்கேன்’ என்ற அறிவிப்பும் அதே வேலைதான். அந்த அலட்டல் பந்துவீச்சின் பாதி. 1994-ல் சூதாட்டத் தரகரிடம் பணம் வாங்கினார், 2003-ல் மாத்திரை விவகாரத்தில் ஓராண்டுத் தடை. ஊர் மன்னித்துவிட்டது. சேப்பாக்கத்தில் 1998-ல் சச்சின் அவரை வெளுத்து 155 அடித்ததால் நம்மூரில் கூடுதல் பாசம் வேறு!

சிக்ஸர் வாங்கினாலும் சிரிக்கிற முரளிமீது இப்படி எந்தப் புகாரும் இல்லை. சந்தேகம் முழுக்க முழங்கைமேல். பிறவியிலேயே அது முழுதாக நீளாது. கை மடங்கியிருப்பது தப்பே இல்லை, பந்தை விடும் வேகத்தில் நிமிர்வதுதான் தப்பு. 1995 மெல்போர்னில் நடுவர் டேரல் ஹேர் ஏழு முறை நோ-பால் சொன்னார். 2004-ல் முழங்கை நிமிராதபடி எஃகுக் கம்பி வைத்த பட்டையைக் கையில் மாட்டிக்கொண்டு கேமரா முன், எதிர்ப்பக்கம் திரும்பும் தூஸ்ரா உட்பட அத்தனையும் முரளி போட்டுக் காட்டினார். 2005-ல் எல்லோருக்கும் முழங்கை 15 டிகிரி வரை நிமிரலாம் என்று விதி மாறியதும் ‘முரளிக்காக வளைச்ச சட்டம்’ என்றார்கள். பழைய வரம்பை வேகப்பந்து வீச்சாளர்கள் பலரும் தாண்டியிருந்தது விதி மாறுவதற்கு முன் நடந்த சோதனைகளில் தெரிந்ததை யாரும் பேசவில்லை.

தமிழ்நாட்டில் முரளி கதை இன்னொரு தினுசு. 2008 முதல் 2010 வரை சென்னை அணியின் மஞ்சள் சட்டையில் கைதட்டல். 2020-ல் அவர் வாழ்க்கைப் படத்துக்கு எதிர்ப்புக் கிளம்பி விஜய் சேதுபதி விலகினார். அங்கே முழங்கை பேச்சே இல்லை, அரசியல்தான்.

மைதானத்துப் பையன்களுக்கு ஒன்று. முரளியைப் பார்த்துப் போடுகிறவர்கள் முழங்கையைத்தான் காப்பியடிக்கிறார்கள். சுழல் வந்தது மணிக்கட்டிலும் தோளிலும். வார்னைப் பார்த்துப் போடுகிறவர்களுக்கு மணிக்கட்டு தளர்ந்து பந்து ஃபுல் டாஸாகவோ பாதிப் பிட்ச்சிலோ விழும், அவ்வளவே. முதல் வகைக்கு ஒரு சோதனை உண்டு. கை தோள் உயரத்துக்கு வரும்போது முழங்கை இருந்த மடிப்பு, பந்தை விடும்போதும் அப்படியே இருக்கிறதா என்று ஸ்லோ மோஷனில் பாருங்கள். பக்கவாட்டில் மட்டும் எடுத்தால் தோள் திரும்புவதே கை நிமிர்வதுபோலத் தெரியும். பின்னாலிருந்தும் ஒன்று எடுங்கள்.