துணியைக் கட்டிக்கொண்டு வருவதா, இங்கே வாங்கிக்கொள்வதா? பிரிட்டனிலிருந்து ஆஸ்திரேலியா வருகிறவர்களுக்கு

பிரிட்டனை விட்டு ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்புகிறவர்கள் விசா, வேலை, பிள்ளைகளின் பள்ளி எல்லாம் விசாரித்து முடித்த பிறகு கடைசியாகக் கேட்பது இதைத்தான்: இருக்கிற துணிமணியை எல்லாம் கட்டிக்கொண்டு வருவதா, இல்லை அங்கே போய் வாங்கிக்கொள்வதா? சின்னக் கேள்வி மாதிரி தெரியும். ஆனால் வந்து இறங்கிய முதல் மூன்று மாதத்தில் கையிருப்பு கரைவதில் இதற்கும் ஒரு நல்ல பங்கு உண்டு.

நாங்கள் லண்டனில் கிராய்டன் பகுதியில் எட்டு வருடம் இருந்துவிட்டு 2016-ல் மெல்போர்ன் வந்தோம். ஆளுக்கு இரண்டு சூட்கேஸ், அவ்வளவுதான். அதே வருடம் எங்கள் பக்கத்து வீட்டு ஆங்கிலேயக் குடும்பமும் கிளம்பியது. அவர் தச்சர், மனைவி நர்ஸ், பத்து வயதில் ஒரு மகள். அவர்கள் போனது பெர்த்துக்கு, வடக்கே ஜூண்டலப் பக்கம். அங்கேயும் தெற்கே ராக்கிங்ஹாம், மாண்டுரா பக்கமும் இங்கிலாந்தில் பிறந்தவர்கள் நிறையப் பேர். 20 அடி கன்டெய்னர் பிடித்து முழு வீட்டையும் ஏற்றினார்கள். இரண்டு வழியையும் கிட்டத்தில் இருந்து பார்த்தவள் நான். இரண்டிலும் பாதி சரி, பாதி வீண்.

கன்டெய்னரை முதலில் சொல்கிறேன். பன்னிரண்டு மாதத்துக்கு மேல் சொந்தமாக வைத்துப் பயன்படுத்திய வீட்டுச் சாமான்களுக்கு இங்கே சுங்கவரி கிடையாது, அது நல்ல விஷயம். ஆனால் கப்பல் வர இரண்டு, மூன்று மாதம் ஆகிவிடும். அதுவரை உடுத்த, போர்த்த, விரிக்க எல்லாம் கடையில்தான் வாங்கியாக வேண்டும், அதாவது ஒரே சாமானுக்கு இரண்டு முறை செலவு. அப்புறம் மண். அவர்கள் தோட்டத்தில் போட்டுக்கொண்டு திரிந்த வெலிங்டன் பூட்ஸை அப்படியே பெட்டியில் வைத்துவிட்டார்கள்; அடியில் பள்ளத்துக்குள் காய்ந்த மண்ணும் ஒரு புல் வேரும் ஒட்டியிருந்தது. வெளிநாட்டு மண், விதை, பூச்சி உள்ளே வராமல் பார்க்கும் பயோசெக்யூரிட்டி சோதனையில் அந்தப் பெட்டி நின்றுவிட்டது, சுத்தம் செய்யத் தனிக் கட்டணம், கூடவே இரண்டு வாரத் தாமதம். ஷூ, கூடாரம், சைக்கிள், புல்வெட்டும் மெஷின் எதுவானாலும் பல் தேய்க்கும் பிரஷ் வைத்து ஒரு துகள் மண் இல்லாமல் எடுத்துவிட்டுத்தான் பெட்டியில் வைக்க வேண்டும்.

அந்தக் கன்டெய்னரில் ஏழு கனமான கோட்டுகள் வந்தன. பெர்த்தில் ஜூலைப் பகல் 18 டிகிரி. ஏழும் வருடக்கணக்கில் அலமாரியிலேயே தொங்கின.

எங்கள் கதை நேர் எதிர். ஆஸ்திரேலியா என்றால் வெயில் என்று மனதில் ஒரு படம் இருந்ததால் சூட்கேஸ் நிறையப் பருத்திச் சட்டையும் மெல்லிய உடுப்பும் அடுக்கிக்கொண்டு ஜூன் மாதம் வந்து இறங்கினோம். மெல்போர்னில் ஜூலைப் பகல் 14 டிகிரி, இரவு 6, 7. காகிதத்தில் பார்த்தால் லண்டன் ஜனவரியை விட இதமான குளிர்தான். ஆனால் குளிர் வெளியே இல்லை, வீட்டுக்குள்ளே! கிராய்டனில் நாங்கள் இருந்த பழைய வீட்டில்கூட ஒவ்வொரு அறையிலும் ரேடியேட்டர், ஜன்னலுக்கு இரட்டைக் கண்ணாடி. இங்கே எடுத்த வாடகை வீட்டில் ஹாலில் ஒரே ஒரு கேஸ் ஹீட்டர், படுக்கையறையில் ஒன்றும் கிடையாது, ஒற்றைக் கண்ணாடி ஜன்னல், பின்வாசல் கதவுக்கு அடியில் விரல் நுழையும் இடைவெளி. காலையில் எழுந்து ஜன்னலைத் துடைத்தால் துண்டு பிழிகிற அளவுக்கு நனைந்துவிடும். ஒரு நாள் சின்னவனின் கட்டில் பக்கத்தில் தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்தேன், 11 காட்டியது. அன்றைக்கே போய் ஆளுக்கொரு கம்பளி ஸ்வெட்டர், கனமான சாக்ஸ், தெர்மல் பனியன், வீட்டுக்குள் போடும் தடித்த கவுன் எல்லாம் வாங்கினோம். கிராய்டனில் தானமாகக் கொடுத்துவிட்டு வந்த அதே சாமான்கள்.

அதனால் நான் சொல்வது: கோட்டை விட்டுவிடுங்கள், கம்பளியைக் கொண்டு வாருங்கள். மெல்போர்ன், கான்பரா, ஹோபார்ட், அடிலெய்ட் போகிறவர்களுக்கு இது கட்டாயம். சிட்னி, பெர்த் போகிறவர்களுக்கும் இரண்டு நல்ல ஸ்வெட்டர் வேண்டும், பிரிஸ்பனுக்கு ஒன்று போதும். ஆட்டுக்கம்பளிக்குப் பேர்போன நாடு இது, ஆனாலும் மலிவுக் கடைகளில் கிடைக்கும் ஸ்வெட்டர் பெரும்பாலும் அக்ரிலிக் என்ற செயற்கை நூல். நல்ல மெரினோ கம்பளிக்கு நல்ல விலை கொடுக்க வேண்டும். பிரிட்டனில் ஏற்கெனவே காசு போட்டு வாங்கி வைத்திருப்பதை விட்டுவிட்டு வருவது நஷ்டம்.

கோடை உடுப்பு விஷயத்தில் இதற்குத் தலைகீழ். அங்கே போட்ட கோடைத் துணி இங்கே பெரிதாக உதவாது. பிரிட்டனில் வெயில் வந்தால் உடம்பைக் காட்டி அனுபவிக்கிற பழக்கம், அதனால் கை இல்லாத, தோள் திறந்த உடுப்புகள்தான் அலமாரியில் இருக்கும். இங்கே வெயிலிடமிருந்து உடம்பை மறைக்க வேண்டும். லண்டனில் கோடையிலேயே யூவி (வெயிலின் புற ஊதாக் கதிர்) அளவு 7, 8-ஐத் தாண்டுவது அரிது. மெல்போர்னிலும் பெர்த்திலும் கோடையில் 11, 12 சாதாரணம். ஆஸ்திரேலியர்களில் மூன்றில் இரண்டு பேருக்கு 70 வயதுக்குள் ஏதாவது ஒரு வகைத் தோல் புற்றுநோய் கண்டறியப்படுகிறது. சட்டை போடு, கிரீம் பூசு, தொப்பி வை என்று சொல்லும் 'ஸ்லிப் ஸ்லாப் ஸ்லாப்' பிரசாரம் 1981-லேயே தொடங்கியது, இன்றைக்கும் குழந்தைகளுக்கு மனப்பாடம். கடற்கரையில் இங்கே வளர்ந்த குழந்தைகளைப் பாருங்கள், முழுக்கை 'ராஷி' (நீச்சல் சட்டை) போட்டுக்கொண்டுதான் தண்ணீரில் இறங்கும். வெள்ளைத்தோல் நண்பர்களிடம் இதைத்தான் முதலில் சொல்கிறேன், அவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம். நம் மாதிரி மாநிறக்காரர்களும் தோலில் தப்பு வந்தால் தாமதமாகத்தான் கவனிக்கிறோம், அதனால் நமக்கும் விலக்கு இல்லை. ராஷி, அகலவிளிம்புத் தொப்பி, மெல்லிய முழுக்கைச் சட்டை மூன்றையும் இங்கே வாங்குங்கள். துணி லேபிளில் யூபிஎஃப் 50+ என்று இருக்கிறதா என்று பாருங்கள், துணி யூவியை எவ்வளவு தடுக்கும் என்பதன் அளவு அது. அப்படித் துணிக்கு அளவுகோல் வைத்த முதல் நாடே ஆஸ்திரேலியாதான், 1996-ல்.

சரி, கடை. பிரிட்டனின் மலிவுத் துணிக்கடை பிரைமார்க் இங்கே கிடையாது, அதன் இடத்தில் கேமார்ட். பெயர் அமெரிக்கக் கடை மாதிரி இருந்தாலும் இது வேறு, வெஸ்ஃபார்மர்ஸ் என்கிற ஆஸ்திரேலிய நிறுவனத்தின் கடை. சாதாரண டி-ஷர்ட் 10 டாலருக்குள் கிடைக்கும். ஒரு பவுண்டுக்குச் சுமார் இரண்டு டாலர் என்று வைத்தால் பிரைமார்க் கணக்குக்கே வருகிறது. பிக் டபிள்யூ, டார்கெட், பெஸ்ட் அண்ட் லெஸ் எல்லாம் இதே வரிசை. குழந்தைத் துணிக்கு பிரிட்டனில் வாட் வரி பூஜ்யம், இங்கே 10% ஜிஎஸ்டி உண்டு. பெரியவர் துணிக்கு அங்கே 20%, இங்கே அதே 10%. விலைச் சீட்டில் போட்டிருப்பது வரி சேர்த்த விலைதான். பெரும்பாலான பிரிட்டிஷ்காரர்கள் ஏங்குவது மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் உள்ளாடைக்கு. ஊரிலிருந்து யார் வந்தாலும் சொல்லி விடுவார்கள். எனக்கு பாண்ட்ஸ் போதும். 1915-ல் இங்கே தொடங்கிய உள்ளாடை பிராண்ட், தள்ளுபடி நாளில் வாங்கினால் விலையும் கட்டும். பெண்களுக்கு ஓர் எச்சரிக்கை: உடுப்பின் அளவு எண் ஏறக்குறைய ஒன்றுதான், ஆனால் ஷூ அளவு அமெரிக்க முறை. அங்கே 5 என்றால் இங்கே 7. ஆண்கள் ஷூ மாறாது.

படுக்கை விரிப்புக்குக் கடையில் 'மான்செஸ்டர்' என்று எழுதிய பகுதிக்குப் போக வேண்டும். பருத்தித் துணி இங்கிலாந்தின் அந்த ஊரிலிருந்து கப்பலில் வந்த காலத்துப் பெயர் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. முதல் தடவை அந்தப் பலகையைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டேன், விட்டு வந்த நாடு ஞாபகம் வந்துவிட்டது. பிரிட்டன் கிங் சைஸ் 150-க்கு 200 சென்டிமீட்டர், இங்கே குயின் 153-க்கு 203. இழுத்து மாட்டினால் விரிப்பு பொருந்தும். அதனால் நல்ல விரிப்பு இருந்தால் விட்டுவிட்டு வராதீர்கள்.

மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது, பிரிட்டிஷ் கடைகளிடமே ஆன்லைனில் வாங்குவது. நெக்ஸ்ட், ஏசாஸ் எல்லாம் இங்கே அனுப்பும். 2018 ஜூலை 1 முதல் 1,000 டாலருக்குக் கீழே உள்ள பார்சலுக்கும் ஜிஎஸ்டி உண்டு, அதற்கு மேல் போனால் சுங்க நடைமுறையும் சேர்ந்துவிடும். திருப்பி அனுப்புவதுதான் தொல்லை. ஆனால் ஓர் ஆதாயம்: பருவம் தலைகீழ் என்பதால் ஜூலையில் அங்கே கோடைத் துணியைத் தள்ளுபடியில் தள்ளும்போது வாங்கினால் நமக்கு டிசம்பருக்கு ஆகிவிடும். அளவு நன்றாகத் தெரிந்த உடுப்புக்கு மட்டும் இதைச் செய்கிறேன், ஷூவுக்கு ஒருபோதும் இல்லை.

பள்ளிச் சீருடையில்தான் பலர் அதிர்ந்துபோகிறார்கள். அங்கே ஆஸ்டா, டெஸ்கோவில் சாம்பல் கால்சட்டையும் வெள்ளை போலோவும் காய்கறியோடு வாங்கிக் கூடையில் போட்டுக்கொள்ளலாம். இங்கே அரசுப் பள்ளிகளிலும் முத்திரை போட்ட டி-ஷர்ட், முத்திரை போட்ட தொப்பி என்று தனிக் கடையில் வாங்கச் சொல்வார்கள். தொப்பி இல்லையென்றால் விளையாட்டு நேரத்தில் நிழலில்தான் உட்கார வேண்டும். நான் சொல்வது, பள்ளியில் பெற்றோர் நடத்தும் பழைய சீருடைக் கடையை விசாரியுங்கள், பல பள்ளிகளில் உண்டு. வருடம் ஜனவரி கடைசியில் தொடங்குவதால் டிசம்பரிலேயே நல்லவை போய்விடும். பழைய துணிக்கு வின்னீஸ், சால்வோஸ் மாதிரி 'ஆப் ஷாப்'களும் இருக்கின்றன. அங்கே சாரிட்டி ஷாப்பில் தேடிப் பழகியவர்களுக்குக் கை தானாகப் போகும்.

தச்சர் நண்பருக்கு வேலைத்துணியில் லாபம். தூரத்திலிருந்தே தெரியும் பளிச்சென்ற நிறத்தில் முழுக்கை 'ஹை-விஸ்' சட்டை, பாதுகாப்பு பூட்ஸ் இதற்கெல்லாம் வருமானவரியில் கழிவு கேட்கலாம். துவைக்கிற செலவுக்கும் ஒரு லோடுக்கு 1 டாலர் வீதம் 150 டாலர் வரை ரசீது இல்லாமலே கேட்கலாம். சாதாரண ஜீன்ஸுக்குக் கிடையாது.

இனி துணியை விடப் பெரிய கணக்கு. இங்கே வாடகை வாரக்கணக்கு. வாரம் 600 என்றால் மாதம் 2,400 என்று போடாதீர்கள், 52 வாரத்தைப் பன்னிரண்டால் வகுத்தால் 2,600 வரும். இந்த 200 டாலர் எங்கே போகிறது என்று தெரியாமல் முதல் வருடம் நாங்கள் திணறினோம். ஆனால் கவுன்சில் டாக்ஸ் என்று வாடகைக்காரர் கட்டும் வரி இங்கே இல்லை, அது வீட்டுக்காரர் தலையில். அங்கே 2025 ஏப்ரலில் 174.50 பவுண்டுக்கு ஏறிய டிவி லைசென்ஸ், இங்கே 1974-லேயே ஒழிந்துவிட்டது. மருத்துவம்தான் மனதைக் கஷ்டப்படுத்தும் இடம். பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவையான என்எச்எஸ்ஸில் ஜிபியை (குடும்ப டாக்டரை) பார்க்கக் காசு எடுத்துப் பழக்கம் இருக்காது. இங்கே மெடிகேர் என்ற அரசு மருத்துவக் காப்பீடு இருந்தும் பல கிளினிக்குகளில் கையிலிருந்து மிச்சம் கட்ட வேண்டும், ஆம்புலன்ஸ் மெடிகேரில் சேராது. மெல்போர்ன் இருக்கும் விக்டோரியா மாநிலத்தில் குடும்பத்துக்கு ஆம்புலன்ஸ் உறுப்பினர் அட்டையை வந்த வாரமே எடுத்துவிடுங்கள். மருந்துச்சீட்டுக்கு 2026 ஜனவரி முதல் அதிகபட்சம் 25 டாலர், இங்கிலாந்தில் 9.90 பவுண்டு.

சம்பளத்தையும் பவுண்டில் மாற்றி மாற்றிப் பார்ப்பதை நிறுத்துவது நல்லது. 2025 ஜூலையில் இங்கே குறைந்தபட்சக் கூலி மணிக்கு 24.95 டாலர், அங்கே அந்த ஏப்ரலில் 12.21 பவுண்டு. கிட்டத்தட்ட ஒன்றேதான். இங்கே அதோடு 12% ஓய்வுக்கால நிதியை முதலாளி தனியாகப் போட வேண்டும்.

பெற்றோரையும் கூட அழைத்து வருகிறவர்கள் இன்னொன்றையும் கணக்கில் வையுங்கள். பிரிட்டன் அரசு ஓய்வூதியம் வாங்குகிறவர் ஆஸ்திரேலியாவில் குடியேறினால் அந்தத் தொகை அப்படியே உறைந்துவிடும், அங்கே வருடாவருடம் ஏறுவது இவருக்கு ஏறாது. ஓய்வூதியத்துக்காக வாழ்நாள் முழுக்கத் தேசியக் காப்பீடு கட்டியவர்களுக்கு இப்படிச் செய்வது அநியாயம் என்றுதான் எனக்குப் படுகிறது. அவர்களுக்காவது கம்பளியையும் நல்ல ஷூவையும் அங்கிருந்தே கொண்டு வந்துவிடுங்கள், இங்கே புதிதாக வாங்க வைக்காதீர்கள்.

பெர்த் நண்பர்களின் மகள் இந்த வருடம் ஹோபார்ட்டில் படிக்கப் போயிருக்கிறாள். அங்கே ஜூலைப் பகல் 12 டிகிரிதான். அந்த ஏழு கோட்டில் இரண்டை எடுத்துக்கொண்டாள், அவள் அம்மா லீட்ஸில் வாங்கிய நீலக் கோட்டு உட்பட.