டூயல் பேண்ட் ஃபில்டர்: லகூனுக்குச் சரி, டிரிஃபிட்டுக்கு?

என்னிடம் இருப்பது சிறிய ரிஃப்ராக்டர் தொலைநோக்கியும் ஒரு கலர் கேமராவும். தெருவிளக்கு வெளிச்சத்தில் வெளுத்துப்போன வானத்திலும் நெபுலாவை, அதாவது விண்வெளியின் வாயு, தூசி மேகங்களைப் படமெடுக்கலாம் என்றுதான் எல்லோரும் இந்த டூயல் பேண்ட் ஃபில்டரை வாங்குகிறார்கள். நானும் அப்படித்தான்.

அது செய்யும் வேலை இவ்வளவுதான்: ஹைட்ரஜன் ஆல்ஃபா எனும் சிவப்பு ஒளியின் 656.3 நானோமீட்டரைச் சுற்றிக் குறுகலாக ஒரு பட்டை, ஆக்சிஜனின் 500.7-ஐச் சுற்றி இன்னொன்று. இரண்டையும் உள்ளே விட்டு, மற்ற வெளிச்சத்தை மறித்துவிடும். லகூன் நெபுலாவில் அபாரம். பல ஃபிரேம்களை ஒன்றாக அடுக்கி ஸ்டாக் செய்வதற்கு முன்பே, ஒற்றை ஃபிரேமிலேயே சிவப்பு எழுந்து நிற்கிறது.

ஆனால் அதன் பக்கத்திலேயே, அதே தனுசு விண்மீன் மண்டலத்தில் இருக்கும் டிரிஃபிட் நெபுலாவில் என் மனம் ஆறவில்லை. நடுவிலுள்ள சூடான விண்மீனின் புற ஊதாக் கதிர் ஹைட்ரஜனிலிருந்து எலக்ட்ரானைப் பிய்த்தெடுக்கிறது. அது மறுபடி சேரும்போது வருவதுதான் அந்தச் சிவப்பு. இது ஃபில்டரில் அழகாக வருகிறது. சிவப்பை மூன்றாகப் பிளக்கும் கருந்தூசிக் கோடுகள்கூட ஃபில்டர் இல்லாத படத்தைவிடக் கூர்மை. வடக்கே ஒட்டிக்கொண்டிருக்கும் நீலம்தான் காணாமல் போகிறது. அந்தப் பகுதி தானாக ஒளிர்வதில்லை. அங்குள்ள தூசி விண்மீன் வெளிச்சத்தைச் சிதறடிக்கிறது, நீலத்தைக் கொஞ்சம் அதிகமாக. அந்த வெளிச்சம் எல்லா அலைநீளத்திலும் பரவிக் கிடப்பதால் இரண்டு குறுகிய பட்டைகளில் எவ்வளவு உள்ளே வரும்? என் படத்தில் அந்த இடம் சாம்பல் கறை. டிரிஃபிட்டை எடுப்பதே சிவப்பும் நீலமும் ஒட்டி நிற்பதற்காகத்தானே!

விண்மீன்கள் பிறப்பதையே பார்த்துவிடலாம் என்று யாராவது ஆசைகாட்டினால் நம்ப வேண்டாம். 2005-இல் வெளியான, டிரிஃபிட்டின் ஸ்பிட்சர் விண்வெளித் தொலைநோக்கிப் படங்களில், கருநிலையிலிருந்த 30 பெரிய விண்மீன்களும் புதிதாகப் பிறந்த 120 சிறியவையும் தெரிந்தன. ஆனால் அது அகச்சிவப்பு. நமக்கு அந்த இடங்கள் வெறும் கருப்புத் தூசிதான்.

மற்றபடி திருகு மரை நன்றாகப் பொருந்துகிறது, கண்ணாடியில் குறையில்லை. பிரகாசமான விண்மீன்களைச் சுற்றி மட்டும் மெல்லிய ஒளிவளையம் விழுகிறது, எடிட்டிங்கில் சமாளிக்கலாம்.

டிரிஃபிட்டுக்கு நான் இப்போது செய்வது: நிலா இல்லாத இரவில், இருட்டான இடத்தில் ஃபில்டரைக் கழற்றிவிட்டு நீலத்துக்கும் விண்மீன் நிறங்களுக்கும் ஒரு தொகுப்பு. அப்புறம் ஃபில்டர் படத்திலிருந்து சிவப்பை மட்டும் எடுத்து அதன்மேல் லேசாகக் கலக்கிறேன். சிவப்பைக் கொஞ்சம் கூட்டினாலும் நீலத்தின் ஓரம் ஊதாவாகிவிடும், அதனால் கை அடக்கம் வேண்டும்.