ஃபோர்மேனை எதிர்கொண்ட இரு வழிகள்

அமெரிக்கக் குத்துச்சண்டை வீரர் ஜார்ஜ் ஃபோர்மேனைப் போன்ற வன்மை மிக்க எதிராளியை நெருங்கித் தாக்குவதா, அவர் களைக்கும்வரை தாங்கி நிற்பதா என்ற கேள்விக்கு இரண்டு குத்துச்சண்டைப் போட்டிகள் விடை தருகின்றன. 1973 ஜனவரியில் ஜமைக்காவின் கிங்ஸ்டனில் ஜோ ஃப்ரேசியர் தம் வழக்கப்படியே முன்னேறிச் சென்று, இரண்டே சுற்றுகளில் ஆறு முறை வீழ்த்தப்பட்டார். துணிவில் அவருக்குக் குறையே இல்லை. ஆனால் ஃபோர்மேனின் குத்துகளுக்கு மிகவும் வசதியான தூரத்திலேயே அவர் நின்றார்.

1974 அக்டோபர் 30 அன்று ஆப்பிரிக்காவின் கின்ஷாசாவில் முகம்மது அலியோ, முதல் சுற்றில் வலக்கைக் குத்துகளால் தாக்கிப் பார்த்துவிட்டு, இரண்டாம் சுற்றிலிருந்து மேடையைச் சுற்றியுள்ள கயிறுகளில் சாய்ந்து, கைகளால் முகத்தைக் காத்து, பேச்சால் சீண்டி, ஃபோர்மேன் தம் வலிமையைத் தாமே செலவழிக்கும்படி விட்டு, எட்டாம் சுற்றில் அவரை வீழ்த்தினார். இந்த வழியையே நான் உயர்வாகக் கருதுகிறேன். எனினும், அடி தாங்கிப் பழகிய உடலும் பதறாத மனமும் இல்லாதவருக்கு இது முன்னதைவிட ஆபத்தானது.