தேக்காவா, மேக்ஸ்வெல்லா, கேலாங் சிராயா?

"ஒரே ஒரு நாள்தான் இருக்கு, எங்கே சாப்பிடலாம்?" சிங்கப்பூர் வருகிற சொந்தக்காரர்கள் எல்லாரும் கேட்பது இது. இங்கே உணவங்காடி நிலையங்கள் மட்டும் 100-க்கு மேல். தெருவோரம் அடுப்பு வைத்திருந்தவர்களை 1970, 80களில் அரசாங்கம் கூரைக்கு அடியில் கொண்டுவந்தது. இந்த உணவங்காடிக் கலாசாரம் 2020-ல் யுனெஸ்கோ பட்டியலிலும் ஏறியாகிவிட்டது. என்னிடம் கேட்டால் போட்டி மூன்றுக்குள்தான்.

சைனாடவுனில் இருக்கும் மேக்ஸ்வெல்லுக்கு வாசலிலேயே ரயில் வந்துவிட்டது. போவது ஹைனான் கோழிச்சோற்றுக்கு. கோழி வெந்த தண்ணீரில் இஞ்சி, பூண்டு, ரம்பை இலை போட்டு வடித்த சோறு. அந்தச் சோற்றை வெறுமனேகூடச் சாப்பிடலாம். மதியம் போனால் அலுவலகக் கூட்டம். மேசையில் டிஷ்யூ பாக்கெட் கிடந்தால் அது யாரோ 'சோப்' பண்ணி, அதாவது முன்கூட்டியே பிடித்து வைத்த இடம். தெரியாமல் ஒருமுறை உட்கார்ந்துவிட்டேன். தட்டோடு வந்த ஆன்ட்டி ஒரு வார்த்தை பேசவில்லை. பாக்கெட்டை எடுத்து என் மூக்குக்கு நேரே வைத்தார். எழுந்துவிட்டேன். ருசியில் குறையே இல்லை, ஆனால் பெரும்பாலும் சீனச் சாப்பாடு.

கேலாங் சிராய் மலாய்க்காரர்களின் கோட்டை. கீழே சந்தை, மாடியில் சாப்பாடு. லொந்தோங் கேளுங்கள்: அமுக்கிக் கட்டிய சோற்றுத் துண்டுகள் மேல் தேங்காய்ப்பால் குழம்பு, நம் சொதிக்கு அண்ணன் முறை. நோன்பு மாதத்தில் வந்தால் யோசிக்கவே வேண்டாம். சுற்றுவட்டாரமே சாயங்காலத்தில் பஜாராகிவிடும்.

மற்ற மாதங்களில் என் ஓட்டு லிட்டில் இந்தியாவில் இருக்கும் தேக்காவுக்கு. பெயரே ஹொக்கியன் சீனம், மூங்கிலடி என்று பொருள். ஒரு பக்கம் ஈரச் சந்தையில் முருங்கைக்கீரை, ஆட்டுத்தொடை. மறுபக்கம் பிரியாணி, பிராட்டா (நம் பரோட்டாதான்), வாத்துச் சோறு. பக்கத்துப் பக்கத்தில் கடை இருப்பது பெரிய விஷயமில்லை, அது எந்த ஊரிலும் உண்டு. மீ கோரிங் போடும் கடை முன்னால் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். மஞ்சள் மீ, அதாவது நூடுல்ஸ், சீனர்களுடையது. 'கோரிங்' மலாய்ச் சொல், வறுத்தது என்று பொருள். சட்டுவம் பிடித்திருப்பவர் தமிழ் முஸ்லிம். மிளகாய் விழுதும் தக்காளி சாஸும் சட்டியில் சீறும். உருளைக்கிழங்கு, முட்டை விழுந்து, எல்லாம் செக்கச்செவேலென்று ஆனதும் ஓரத்தில் வெள்ளரித் துண்டு வைத்துத் தருவார். சீனாவிலிருந்து வந்த மீயை நம் ஆட்கள் இப்படி ஆக்கியது இந்தக் கடல் தாண்டிய கரையில்தான். மேக்ஸ்வெல் கோழிச்சோறு இதைவிட நேர்த்தியான சமையல், மறுக்கவில்லை. ஊரைக் காட்டுவது இந்தச் சிவப்புத் தட்டு.

பிராட்டா வெறுமனே வேண்டுமென்றால் 'கோசோங்' என்றால் போதும். சாப்பிட்டதும் தட்டை அப்படியே விட்டுவிட்டு எழாதீர்கள், 2021-லிருந்து அபராதம் உண்டு. ஹலால் தட்டுக்குத் தனி அடுக்கு, பலகையைப் பார்த்து வையுங்கள்.